உப்புப் பார்க்காத சமையல்

என் வீட்டுக்காரருக்குச் சமைக்கத் தெரியும் என்று சொன்னால் அது பாதி உண்மை. ஊருக்கே சமைக்கத் தெரியும். இரண்டு பேருக்குச் சமைக்கத்தான் தெரியாது.

மலேசியாவில், மந்தின் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தோட்டம். அங்கே அவர் எண்ணெய்க்கான செம்பனை மரங்களில் குலை வெட்டுகிறவர். வருஷத்துக்கு ஒருமுறை, மாரியம்மன் திருவிழா அன்னதானத்துக்கு அண்டா ஏற்றுகிறவரும் அவர்தான். பூசணிக்காய்ச் சாம்பார், முட்டைக்கோஸ் பிரட்டல், ரசம். அம்மனுக்குப் படைக்கிறது என்பதால் யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. கொதி வரும்போது குனிந்து நுரையைப் பார்ப்பார், அவ்வளவுதான், உப்பை அள்ளிப் போடுவார். பந்தியில் முதல் ஆள் சாப்பிட்டு "சரியா இருக்கு" என்று சொல்லும்வரை அண்டாவை விட்டு நகர மாட்டார்.

போன வருஷம் மரத்திலிருந்து ஒரு குலை அவர் முதுகில் விழுந்தது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். சோறு போட்டால் சாப்பிடுவார். பேச்சுக் கொடுத்தால் "ம்" என்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த மனுஷன் இப்படியே சுவரோடு சுவராகப் போய்விடுவாரோ என்ற ஒரே பயம்தான் எனக்கு. தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டே நாள் முழுக்க அதையே நினைப்பேன்.

ஒரு சாயங்காலம் வேலை பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பருப்பு வாசனை. எங்கள் வீட்டிலிருந்துதான். தீபாவளிக்கு மட்டும் பரணிலிருந்து இறக்குகிற குண்டான் அடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. விளிம்புவரை சாம்பார்.

"ஐயோ கடவுளே! நம்ம வீட்ல யானையா கட்டிக் கெடக்கு? ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு கேட்டதில்லயா?"

"அளந்துதான்லா போட்டேன்," என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து முழுசாக ஒரு பேச்சு. "கோயில் அளவுல பாதி, அதுலயும் பாதின்னு கொறச்சுப் பாத்தேன். அதுக்கு மேல கொறைக்கத் தெரியல புள்ள."

தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு எதிர்வீட்டு அக்காவிடம் அவரே போனார். அக்கா புருஷனை இழந்து தனியாக இருப்பவர். வாய் கொஞ்சம் நீளம். வாசலில் நின்றபடியே ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டு, "உப்பு ஒரு கல்லு கம்மி தம்பி. போனா போவுது, பாஸ் பண்ணிட்ட," என்றது. இவர் சிரித்தார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அப்புறம் தினமும் அதே கதைதான். பசார் மாலாம் இரவுச் சந்தையில் கடை கட்டும் நேரத்தில் கூறு போட்டுத் தள்ளிவிடுகிற கத்தரிக்காய், வீட்டுக்குப் பின்னால் நிற்கிற முருங்கைக்கீரை, ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு. இதை வைத்துக்கொண்டே வரிசைக்கே குழம்பு வைத்துவிடுவார். ஒரே ஒரு சார்டின் டின்னை உடைத்து, உருளைக்கிழங்கும் தக்காளியும் புளித்தண்ணியும் விட்டு நாலு வீட்டுக்கு ஊற்றுவார். "மீன் கெடச்சவங்களுக்கு அம்மன் அருள் இருக்கு," என்று அக்கா கேலி பண்ணும். எங்கள் வீட்டில் ஒருவேளைக்குக் கூட உப்பை நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். நாலு வீட்டில் கேட்டுவிட்டு வந்துதான் எங்களுக்குத் தட்டு வைப்பார். அதற்குள் எனக்குப் பசியில் கண் இருட்டும். கேஸ் போகிறது, பருப்பு போகிறது என்று நான் கத்துவேன். கத்துவதே எனக்கு ஒரு சந்தோஷமாக இருந்தது.

பிறகுதான் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார்கள். ஒவ்வொரு குடும்பமாக சாமான் ஏற்றினார்கள். எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த வீடு இன்னும் எழும்பவில்லை. போய் ஒண்டிக்கொள்ளச் சொந்தமும் இல்லை. கடைசியாக அக்காவை அதன் மகன் அம்பாங்கானில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். லாரி கிளம்பும்போது இவர் தூக்குச்சட்டியோடு ஓடினார். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்தபடி மூடியைத் திறந்து, விரலால் தொட்டு வாயில் வைத்தது. "சரியா இருக்கு தம்பி," என்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டது. லாரி செம்மண் சாலையில் திரும்பியது.

அதற்குப் பிறகும் அவர் குண்டானில்தான் சமைத்தார். இருட்டுவதற்குள் வாசலில் வந்து நின்று, பூட்டிய கதவுகளைப் பார்ப்பார். யாரிடம் கேட்பது? ஐஸ்பெட்டி நிறைந்தது. மிச்சத்தை நாய்களுக்குக் கொட்டினேன். அவைகூட முகர்ந்துவிட்டுப் போயின. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "யாருக்கு இது? சொல்லுங்க, யாருக்கு? பேய்க்கா?" என்று கேட்டேன்.

மறுநாள் நான் வேலை விட்டு வந்தபோது லயத்தில் வாசனையே இல்லை. உள்ளே ஓடினேன். அடுப்படியில்தான் நின்றிருந்தார். நான் முட்டை அவிக்கிற சின்னச் சட்டி அடுப்பில். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் பார்த்திராத காரியம்.

"என்னாங்க இது?"

"உப்புப் பாத்தேன்."

"நான் வந்து சொல்ல மாட்டனா?"

"நீ என்னிக்கு உப்பப் பத்திச் சொன்ன? அளவப் பத்தித்தான சொல்லுவ," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. "ஒக்காரு. இன்னிக்கு அளவு சரியா இருக்கும்."

சரியாகத்தான் இருந்தது. ஒரு கரண்டி மிஞ்சவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் தலைமாட்டில் வைத்தேன்.

"நாளைக்கு இதுலயே வைங்க. அத்தனையும் நானே தின்னுக்குறேன். கேக்குதா?"

"ம்," என்றார்.