கிரேக்கர் சொன்னதும் நான் விட்டதும்

பதினைந்து நாளைக்கு முன்பு, பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடை மூடியிருந்தது.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். எனக்குச் செய்திதான். ஹர்த்தால் தவிர வேறு எதற்கும் அந்தக் கடையின் ஷட்டர் இறங்கி நான் பார்த்ததில்லை.

கடைக்காரர் பெயர் சங்கரலிங்கம். தென்காசிப் பக்கத்துக்காரர். கல்யாணமான புதிதில் திருவனந்தபுரத்துக்கு வந்து இங்கேயே வேர் பிடித்துவிட்டவர். மலையாளிகள் உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எனக்கும்தான். நான் அவருக்கு டீச்சர்.

குக்கருக்கு கேஸ்கட் வாங்கத்தான் அங்கே போவேன். அது சாக்கு. உண்மைக் காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்... அண்ணாச்சி நான் எழுதும் இந்த வாரப் பத்தியின் வாசகர். பத்திரிகை வந்த அன்றே வாசித்துவிடுவார். நான் கடைப்படி ஏறியதும் கல்லாவை விட்டு எழுந்து நின்று, "டீச்சர், இந்த வாரம் ஒரு போடு போட்டிருக்கியளே" என்பார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நான் சொல்வதைக் கேட்பதில்லை. வீட்டில் கணவர் கேட்பதில்லை. ஒரு மனிதர் எழுந்து நின்று கேட்கிறார் என்றால் விடுவேனா? உலகத்தில் எந்தக் குக்கரும் அத்தனை கேஸ்கட் தின்றிருக்காது.

விடுமுறைக்கு மதுரையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அதனால் கோடை பற்றி நான் எழுதிய பத்திக்கு வர வேண்டிய பாராட்டு வராமலே நின்றிருந்தது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அதை வாங்கிக்கொள்ளப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது.

பக்கத்து சிப்ஸ் கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி ஆஸ்பத்திரியிலாணு டீச்சரே. ஹார்ட்டு வீக்கல்லே? வெள்ளம் குடிச்சு குடிச்சு கூடுதலாயி."

வெள்ளம் என்றால் இங்கே தண்ணீர்; அதைக் குடித்துக் குடித்து நோய் கூடிவிட்டதாம். வாணலியில் நேந்திரங்காயைத் தள்ளியபடி சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு உள்ளே எதுவோ இடறியது.

ஏன் என்பது அந்தப் பத்தியை வாசித்தவர்களுக்குப் புரிந்திருக்கும். வாசிக்காதவர்களுக்குச் சொல்கிறேன்.

பாளையத்தில் பழைய புத்தகம் விற்பவரிடம் அட்டை போன ஒரு ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். பழைய கிரேக்கர்களின் வைத்தியத்தைப் பற்றியது. உடம்பில் நான்கு திரவங்கள், வருஷத்தில் நான்கு பருவங்கள். இவை ஒன்றோடொன்று சமமாக இருந்தால் ஆரோக்கியம், ஒன்று ஓங்கினால் நோய். கோடையில் பித்தம் ஓங்கும். அதனால் உடம்பைக் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் வைத்துக்கொள். சாப்பாட்டைக் குறை, குடிப்பதைக் கூட்டு. இதுதான் சாரம். எவ்வளவு நம்மூர்ப் பேச்சு மாதிரி இருக்கிறது, பார்த்தீர்களா? நான் சொக்கிப் போனேன்.

கிரேக்கர்களின் பார்லிக் கஞ்சியை எடுத்துவிட்டு இளநீர், வெள்ளரி, உப்புப் போட்ட மோர் எல்லாம் சேர்த்தேன். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று தலைப்பு வைத்தேன். கடைசியில் என் சொந்தச் சரக்கு ஒன்று: 'தாகம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயிற்றைக் குளமாக வைத்துக்கொள்ளுங்கள். வெயில் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும்.'

எடிட்டர் அந்த வரிகளைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார். மதுரையில் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன் — மருமகளை நிற்க வைத்து.

பழவங்காடியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று பஸ் ஸ்டாப்பில் ஒரு யோசனை வந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் குவித்து வைத்திருந்தார்கள். நோயாளியைப் பார்க்கப் போகும் பழக்கத்தில் சீவச் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்படியே மூடிக்கொண்டேன். ஆரஞ்சு? அதுவும் சாறு. கடைசியில் வெறுங்கையோடுதான் படி ஏறினேன்.

வராந்தாவில் அவர் மகள் மீனா நின்றிருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்து இங்கே ஓர் ஆபீசில் வேலை பார்ப்பவள். அவள் தமிழ் பாதி மலையாளத்தில் நடக்கும். என்னைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

"அப்பாவுக்கு ஹார்ட் வீக்குன்னு டீச்சருக்கு அறியாமோ?"

"இன்னைக்கு வரைக்கும் தெரியாதும்மா."

உண்மையிலேயே தெரியாது. அது பெருமையா? இத்தனை வருஷம் அந்தக் கடைப்படியில் நின்று பேசியிருக்கிறேன். பேச்சு முழுக்க என் எழுத்தைப் பற்றித்தான். உடம்பு எப்படி இருக்கிறது அண்ணாச்சி என்று ஒரு நாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"தண்ணி அளந்துதான் குடிக்கணும்னு டாக்டர் போன வருஷமே சொல்லிட்டார்," என்றாள் மீனா. "அம்மா காலையிலே ஒரு கூஜாவில அளந்து வைக்கும். அது தீர்ந்தா அவ்வளவுதான். இந்தச் சூடுல அப்பா பாவம், ஒரு வாய் கொடுன்னு கெஞ்சும். அம்மா சம்மதிக்காது. அப்பத்தான் டீச்சரோட குளம் வந்துது."

டீச்சரோட குளம்.

"மேலே அளவுக்கு மிஞ்சினா நஞ்சுன்னு இருக்கு. உள்ளே வாசிச்சா குடி, குடின்னு இருக்கு. இதுல ஏதாணு டீச்சர் சரி?"

வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டிருந்தால் 'உட்காரு' என்று சொல்லியிருப்பேன். இங்கே உட்கார வேண்டியவள் நான். பெஞ்சு தள்ளி இருந்தது.

உள்ளே அண்ணாச்சியைத் தலையணைகளை அடுக்கி, சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்கள் வீங்கிப் பளபளத்தன. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அவர் மனைவி சண்முகத்தாய் தோளைப் பிடித்து அழுத்தினார்.

"டீச்சர்... உங்க பேரைக் கெடுத்துட்டேன்," என்றார் அண்ணாச்சி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. "யாரு சொல்லிக் குடிச்சீருன்னு டாக்டரம்மா கேட்டாவ. நான் உங்க பேரைச் சொல்லல. நானாத்தான் குடிச்சேன்னுட்டேன்."

வாசகர்கள் எழுத்தாளரைத் திட்டுவார்கள். அதற்கு நான் பழக்கப்பட்டவள். வாசகர் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்வது? நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் வந்தார், சின்ன வயசுப் பெண். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஸ்வாசகோசத்தில் வெள்ளம் கெட்டியிருக்கு. பேடிக்கண்டா, குறையும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நுரையீரலில் தண்ணீர் கட்டியிருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். இந்த ஊரில் குடியேறிய நாளிலிருந்து வெள்ளம் என்ற சொல்லைத் தண்ணீர் என்றே கேட்டுப் பழகிய காது என்னுடையது. அன்று மட்டும் அது தமிழில் கேட்டது.

ஊசி மருந்தில் அண்ணாச்சி கண்ணயர்ந்தார். அதுவரை பேசாமல் இருந்த சண்முகத்தாய் மதினி என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மதினி."

"நான் ஒரு வருஷமா அளந்து அளந்து கொடுத்தேன். அவுக கெஞ்சுவாக. கல்லு மாதிரி இருந்தேன். தாகத்துக்குத் தண்ணி கொடுக்காத பாவின்னு எனக்கே தோணும். அன்னைக்கு உங்க பக்கம் வந்த பத்திரிகையைக் கொண்டாந்து காட்டினாக. டீச்சரே எழுதியிருக்காவ, நீ டீச்சரைவிடப் படிச்சவளான்னாக. எனக்கும் மனசு இளகிட்டு. மோந்து மோந்து கொடுத்தேன். மோருலயும் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். என் கையாலதான் கொடுத்தேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த கிரேக்க நாட்டு வைத்தியருங்க இவுகள மாதிரி சீக்காளிக்குன்னு தனியா ஒண்ணும் சொல்லலியா?"

இல்லை மதினி என்று சொல்லியிருக்கலாம். எந்தக் காலத்திலோ வாழ்ந்த கிரேக்கர்கள் எழுந்து திருவனந்தபுரத்துக்கு வந்து மறுக்கப் போவதில்லை. சொல்ல வாயெடுத்தும்விட்டேன்.

ஆனால் அவர்கள் சொல்லியிருந்தார்கள். குடிப்பதைக் கூட்டு என்று இருந்த அதே பக்கத்தில், நாலு வரி கீழே. ஆளைப் பார், வயதைப் பார், நோயைப் பார், அப்புறம் அளவைச் சொல் என்ற பொருளில் இருந்தது. ஒருவனுக்குச் சமநிலையாக இருப்பது இன்னொருவனுக்குச் சரிவு. சொல்லப்போனால் அவர்கள் வைத்தியத்தின் உயிரே அதுதான். முதலில் எழுதியபோது அதையும் எழுதினேன்.

"சொல்லியிருக்காங்க மதினி. ஆளுக்கு ஆள் அளவு மாறும்னு சொல்லியிருக்காங்க. எழுதினேன். பிறகு அடிச்சிட்டேன்."

"ஏன்?"

"இடம் பத்தல..."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடமும் இருந்துது மதினி. அது இல்லாம வாசிக்க நல்லா இருந்துது. அதான்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குனிந்து, கணவரின் வீங்கிய பாதத்தைப் போர்வைக்குள் மெதுவாக எடுத்து வைத்தார்.

"அப்போ நான் அளந்து கொடுத்ததுதான் சரி," என்றார். என்னிடம் அல்ல. தனக்குத்தானே.

எனக்கு ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

வாரப் பத்தி எழுதுகிறவர்களுக்கு ஓர் எதிரி உண்டு. 'ஆனால்' என்ற சொல். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பேச்சைக் கையைப் பிடித்து நிறுத்திவிடும். 'கோடையில் நிறையக் குடியுங்கள்' என்பதில் வேகம் இருக்கிறது. 'ஆனால் இதய நோய் உள்ளவர்கள்...' என்று தொடங்கினால் மருந்துச் சீட்டு மாதிரி ஆகிவிடும். அதனால் வெட்டிவிடுகிறோம். வெட்டிய இடத்தில் ஒரு மனிதர் நிற்கிறார் என்பது நமக்குத் தெரிவதில்லை. சில சமயம் அவர் நம்மைப் பார்த்ததும் எழுந்து நிற்கிறவராகக்கூட இருக்கலாம்.

மறுநாள் சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டு எடிட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சின்னதா ஒரு திருத்தம் போட்டுடலாம் மேடம். கடைசிப் பக்கத்துல ரெண்டு வரி."

"தப்பு முழுப் பக்கம் வந்தது சார். திருத்தமும் முழுப் பக்கம் வேணும்."

"சுவாரஸ்யமா இருக்குமா?"

"இருக்காது."

பிறகு, "எழுதுங்க" என்றார்.

எழுதிவிட்டேன். நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது அதுதான். இதயமோ சிறுநீரகமோ சரியில்லை, தண்ணீரையும் உப்பையும் அளந்து கொள்ளுங்கள் என்று உங்கள் டாக்டர் சொல்லியிருந்தால் அந்த அளவுதான் உங்கள் அளவு. வெயில் எவ்வளவு அடித்தாலும், நாக்கு எவ்வளவு வறண்டாலும், கூட்டுவதா வேண்டாமா என்பதை அவரிடம் கேளுங்கள். கிரேக்கர்களிடம் கேட்காதீர்கள். என்னிடம் கேட்கவே கேட்காதீர்கள்.

அண்ணாச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். கால் வீக்கம் வடிந்துவிட்டது. காலையில் மட்டும் கடை திறக்கிறார்கள். அந்தப் பக்கம் போகக் கூசி, சில நாள் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வேறு தெரு வழியாக நடந்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். கல்லாவில் மதினி. பின்னால் நாற்காலியில் அண்ணாச்சி, நெற்றியில் விபூதியோடு.

"உடம்பு எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவரிடம் நான் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லத் தொடங்கினார். மாத்திரை, தூக்கம், மூச்சு, மாடிப்படி என்று நெடுநேரம் சொன்னார். கேட்டுக்கொண்டே நின்றேன். என் எழுத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

புறப்படும்போது மதினிதான் சொன்னார். "உங்க பக்கத்தை இப்போ நான்தான் முதல்ல வாசிக்கேன் டீச்சர். அவுகளுக்கு ஆகும்னு பட்டாத்தான் கையில கொடுப்பேன்."

இத்தனை வருஷத்தில் எந்த எடிட்டருக்கும் நான் பயந்ததில்லை. இவருக்குப் பயப்படுகிறேன்.