தேர் கேட்டால் கப்பல் வந்தது

சாமான் உடையாமல் பெட்டிக்குள் வைக்கிற வெள்ளை ரெஜிபோம் கிறீச்சிடுகிற சத்தம் எனக்குப் பல்லைக் கூசவைக்கும். ஆனால் அன்றைக்கு அது இனித்தது... கொக்குவிலில் மகள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கொம்பியூட்டர் வந்து, பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சண்டையால் கரண்ட் நின்றுபோக முந்தின காலம் அது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மகள் பரமேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போவதைப் பார்க்கவே பெருமை. சனிக்கிழமை வகுப்புக்குச் சோறு கொண்டுபோகிற சாட்டில் வாசலில் நிற்பேன்.

பழைய கொம்பியூட்டரில் வகுப்புக்கொரு பிளொப்பித் தட்டு. பிள்ளைகள் செய்ததெல்லாம் அவரவர் பேரில் அதற்குள் இருக்கும். படிப்பித்த சேர் எல்லாவற்றையும் புதியதற்குள் ஒன்றாக மாற்றினார். பிளொப்பி கொழும்பிலிருந்து வரவேண்டிய சாமான். அடுத்த வகுப்புக்குத் தேவையென்று மாற்றின கையோடு பழையதை அழித்தும்விட்டார்.

பெற்றோர் தினத்துக்கென்று மகள் கோடு கோடாய் ஒரு தேர் கீறி வைத்திருந்தாள். எனக்குக் காட்டத் தன் பேரை அடித்தாள்.

கப்பல் வந்தது.

மற்ற வகுப்புப் பரமேஸ்வரனுடைய கப்பல்! அந்தக் கொம்பியூட்டர் எட்டு இங்கிலீஷ் எழுத்துக்கு மேல் பேர் வைக்காதாம். பரமேஸ்வரிக்கும் பரமேஸ்வரனுக்கும் முதல் எட்டும் ஒன்று. பின்னால் வந்தவன் இவள் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"உன்ரை தேர் கடலுக்குள்ளை தாண்டு மூழ்கிப்போச்சு" என்றான் எட்டிப் பார்த்த பரமேஸ்வரன். மகள் சிரிக்கவில்லை.

சேருக்கு முகம் செத்துப்போனது. தேரைத் திரும்பக் கீற நாள் இருக்கிறது, பேரைப் 'பரி' என்று குறைத்துவிடுவோம் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் அப்பா ஆசையாய் வைத்த பேர். வாய் நிறையக் கூப்பிடவேணும் என்று, வீட்டில் செல்லப்பேர்கூட வைக்க விடாத மனிசன். அவர் கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை...

"பேரை வெட்டாதையுங்கோ சேர்" என்றேன்.

"இடமில்லையம்மா. நான் என்ன செய்ய?"

மகள்தான் மெல்லச் சொன்னாள்: "அப்பான்ரை எழுத்தை முன்னுக்குப் போடுங்கோ சேர். மிச்சம் கொள்ளுறமட்டும் கொள்ளட்டும்."

அவள் அப்பா கந்தையாவின் இங்கிலீஷ் 'கே' முன்னால் வந்தது. பேரின் வால் இன்னும் ஓரெழுத்துக் குறைந்ததுதான். ஆனால் முன்னுக்கு அவர் நின்றார். எனக்கு அது போதும்.

பிறகு குந்தியிருந்து தேரைத் திரும்பக் கீறினாள். நாலு சில்லையும் பரமேஸ்வரன்தான் போட்டுக்கொடுத்தான். கொஞ்சம் சரிந்த தேர்... பெற்றோர் தினத்தில் அதற்கு முன்னால் நின்ற எனக்கு விட்டு வர மனமே வரவில்லை.

இப்போது மகள் வெளிநாட்டில், ஒரு பள்ளிக்கூடத்தில் அன்றைக்குச் சேர் செய்த அதே வேலை பார்க்கிறாள். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பேரைப் பழைய கொம்பியூட்டரிலிருந்து புதியதற்கு மாற்றுகிறாளாம். எவ்வளவு நீளப் பேருக்கும் இப்ப இடமிருக்காம். கூப்பிடுகிறவர்களுக்குத்தான் நேரமில்லை. அங்கே அவள் 'பரி'.

நான் போன் எடுத்தால் முழுசாகத்தான் கூப்பிடுவேன். எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும், கடைசி எழுத்து முடியுமட்டும் அவள் பொறுத்துத்தான் 'ஓம் அம்மா' என்பாள்.