முருங்கை ஊசி

வடக்கனந்தல் சுற்றுவட்டாரத்தில் மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் அம்மாசிக்குத்தான் போன் போகும். சினை ஊசி போடுகிறவர். பைக்கின் பின்னால் நைட்ரஜன் கேன், அதற்குள் உறைவிந்துக் குச்சிகள். மனுஷன் வேலையில் கெட்டி, வாய்தான் ஓயாது. உறையும்போது விந்து செத்துப்போகாமலிருக்க முட்டை மஞ்சள் கரு சேர்க்கிறார்கள் என்று அவரை யார் கேட்டார்கள்? அதையும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

புரட்டாசியில் அது வினையாக வந்து விடிந்தது. கூலி வேலைக்குப் போகும் பாப்பாத்தியிடம் இருப்பது ஒரே மாடு. இரண்டு தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. இந்த முறையும் தவறினால் அடிமாட்டுக்குத் தள்ளிவிடுவதென்று புருஷன் ராஜாங்கம் தரகரிடம் சொல்லிவிட்டான். அப்படிப்பட்ட நேரத்தில் அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள்:

"பெருமாளுக்கு விரதம் இருந்துக்கினு இருக்கேண்ணே. முட்ட கலந்தத என் மாட்டுக்குப் போடாத."

கேட்டீர்களா கூத்தை! ஆனால் கேனில் அதற்கும் வழி இருந்தது. முட்டைக்குப் பதில் சோயாவும் முருங்கை இலைச் சாறும் சேர்த்த புதுக் குச்சிகளைச் சோதனைக்கென்று கால்நடை டாக்டர் தீனதயாளன் கொடுத்திருந்தார். சினை நிற்குமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. பத்து மாடு வைத்திருப்பவனுக்குப் போட்டுப் பார்க்கலாம். இவளுக்கு?

அம்மாசி பழைய முட்டைக் குச்சியையே எடுத்து, உறைவு இளக வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டார்.

"முருங்க ஊசிதான், தங்கச்சி" என்றார்.

தை மாதம் அம்மாசி மாட்டுக்குள் கையை விட்டுச் சோதித்தபோது சினை நின்றிருந்தது. தரகரை வர வேண்டாமென்று சொல்லிவிட்டான் ராஜாங்கம். பாப்பாத்தி அழுதே விட்டாள். அப்புறம் ஆளாளுக்கு முருங்கை ஊசி கேட்க ஆரம்பித்தார்கள். சேதி கேட்டு டாக்டரே அம்மாசியைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"புதுக் குச்சில மொத சினை! எழுதிக்கலாமா அம்மாசி?"

ஆமாம் என்றால் போதும். அதை நம்பி இன்னும் எத்தனை ஒற்றை மாட்டுக்காரர்கள் வருவார்களோ. அம்மாசிக்கு வெட்கமாக இருந்தது.

"இல்லீங்க சார். இதுக்குப் போட்டது முட்ட கலந்ததுதான். புதுசு ஒண்ணுகூட இன்னும் போடலீங்க."

டாக்டர் பேனாவை மூடினார். பாப்பாத்தி அம்மாசியை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

"சினை நெஜந்தானே?"

"நெஜம்."

"பொய் சொன்னது நீ. கன்னு பொறக்கற வரைக்கும் நீதான் கவிச்சி தொடக்கூடாது. பெருமாளுகிட்ட சண்ட போட என்னால முடியாது."

"இன்னா தங்கச்சி, ஆனி வரைக்குமா?"

"ஆனி வரைக்கும்."

அம்மாசி மாட்டின் வயிற்றைப் பார்த்தார். சரி என்றார்.