விண்மீன் பிரியாணி

போர்டு எழுதுகிறவனுக்குக் கை நடுங்கக்கூடாது, காது கூசக்கூடாது. மற்றவர்கள் தப்பாக எழுதினால் கிழித்துப் போடலாம். எங்கள் தப்பு பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஆரணி பஜாரைப் பார்த்துகினு நிற்கும். ஊர் பார்க்கத் திட்டு வாங்கியவர்கள் யாருக்கும் என் கஷ்டம் புரியும். நான் படித்தது அஞ்சாவது. மிச்சமெல்லாம் ஏணி மேல் நின்று காதில் வாங்கியது.

ஒரு கால் குறைச்சல்

தொண்ணூறுகளில் தையல் கடை பாய்க்கு ‘பைஜாமா’ என்று எழுதப் போய், அவசரத்தில் ‘பைஜாம’ என்று முடித்து இறங்கிவிட்டேன். பாய்க்குப் பாரசீகம் தெரியும். அவர் அப்பா சொல்லிக்கொடுத்தது.

“பாரசீகத்துல ‘பாய்’னா கால், ‘ஜாமா’ன்னா துணி. கால் துணிதான் பைஜாமா” என்றார்.

“அப்போ இத்தினி நாளா உங்கள ‘கால்’னா கூப்பிட்டுகினு இருந்தோம்?”

“அது வேற பாய். நீ மொதல்ல ஏணில ஏறு. பைஜாமாவுக்கு ரெண்டு கால் வேணும்பா, ஒண்ணுதான் வெச்சிருக்கே!”

ஸ்டாருக்கு வந்த சோதனை

இரண்டாயிரத்துக்கு அப்புறம், போர்டெல்லாம் தமிழில் இருக்கணும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ‘ஸ்டார் பிரியாணி’ வைத்திருந்த ஜெயராஜ் பயந்துபோனான். கிறிஸ்துமஸ் ஸ்டாரை நினைத்து வைத்த பேர். “பேரு மாறினா கஸ்டமர் போய்டுவாங்கண்ணா” என்று என் கையைப் பிடித்தான்.

“சித்தாரான்னு வை. ஸ்டாரும் சித்தாராவும் ஆதியில ஒரே சொல்லுதான். அவன் இங்கிலீஷ் பக்கம் போனான், இவன் பாரசீகத்துப் பக்கம் வந்தான்” என்றார் சாப்பிட வந்திருந்த தையல் கடை பாய்.

பக்கத்து மேசையில் நல்லி எலும்பை உறிஞ்சிகினு இருந்த ஸ்கூல் தமிழய்யா தலையை ஆட்டினார். “ரெண்டும் வேணாம். விண்மீன்னு எழுதுங்க.”

“பிரியாணியும் பாரசீகந்தாங்க ஐயா. வறுத்ததுன்னு அர்த்தம்” என்று பாய் விடாமல் பிடித்தார்.

ஐயா எலும்பைக் கீழே வைத்தார். “அத மட்டும் விட்டுடுங்க. அதுக்குத் தமிழ்ல பேர் வெச்சா நானே சாப்பிட வரமாட்டேன்.”

தேக்சா நிறைய மட்டன்

‘விண்மீன் பிரியாணி’ மேலே ஏறிய முதல் மத்தியானம், செய்யார் கம்பெனி பஸ்ஸிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கி வந்தார்கள். மீன் பிரியாணி கேட்டார்கள். மட்டன்தான் என்றதும் திரும்பிப் போனார்கள். அடுத்து வந்தவர்களும் அதையே கேட்டார்கள். மூணு மணிக்கு தேக்சாவில் பாதிக்கு மேல் பிரியாணி அப்படியே கிடந்தது. ஜெயராஜ் மூடியைத் திறந்து எனக்குக் காட்டினான்.

“இந்த மட்டனுக்கு நீங்களே பதில் சொல்லுங்கண்ணா!”

படம் போட்டேன்

குற்ற உணர்ச்சியில் காசு வாங்காமல், ‘விண்மீன்’ பக்கத்தில் மஞ்சளில் பெரிசாக ஒரு நட்சத்திரம் வரைந்தேன். இனிமேல் யாருக்கும் குழப்பம் வராது என்று ஏணியில் இருந்தே மார் தட்டிக்கொண்டேன். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று படத்தையும் பார்த்தார், எழுத்தையும் பார்த்தார்.

“ஏங்க, நட்சத்திர மீனயெல்லாமா சமைக்கிறீங்க?”

ஜெயராஜ் ஜெயித்தான்

மறுநாள் ஜெயராஜ் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கூடை வஞ்சிரம் வாங்கி வந்து இன்னொரு தேக்சாவை ஏற்றினான். மட்டனுக்கு முன்னாடி மீன் தீர்ந்தது. வாராவாரம் கூட்டம் கூடியது. தமிழய்யாவும் வந்து ரெண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பத்தோடு சொன்னார்:

“பேருக்கு ஏத்த ருசி!”

வானத்து மீனுக்குப் பேர் வைத்தவன் எந்தக் காலத்துத் தமிழனோ தெரியாது, ஆரணியில் அதுக்கு முள் வைத்தவன் நான்தான்.