அந்த வரியையும் மொழிபெயர்க்க வேண்டுமாம்

ஜெர்மனியில் யாராவது “எந்தத் தெரு?” என்று கேட்டால் பார்சல் கொடுக்கத்தான் கேட்கிறார்கள். இது எனக்குப் பழகவே பல வருஷம் ஆனது. மகளின் பள்ளிக்கூடத்தில், பல் டாக்டரிடம், யார் கேட்டாலும் எதற்கு என்று முதலில் திருப்பிக் கேட்பேன். நம் விருத்தாசலம் பக்கம், என்ன சாதி என்று நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருவைச் சொன்னால் போதும், குரல் மாறிவிடும், டீ டம்ளர்கூட மாறிவிடும். இங்கே தபால்காரர் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுகிறார். அவ்வளவுதான்.

நானும் என் கணவர் அன்புவும் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். இரண்டு பேருமே வீட்டில் பிறந்தவர்கள். எங்கள் பிறப்பை யாரும் பதிவு செய்யவில்லை. பிறந்த தேதிக்கு எங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி பள்ளிக்கூடத்தில் கொடுத்த டி.சி.தான். அதை, கோர்ட்டில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஜெர்மனில் எழுதி முத்திரை குத்தித் தர வேண்டும். பெயர், தேதி, தலைமையாசிரியர் கையெழுத்து, எல்லாமும். நடுவில் ஒரு வரி: சாதி. அதையும்தான்.

அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடலாமா என்று குடியுரிமை அலுவலகத்து அம்மாளிடம் கேட்டேன். எதையும் விடக் கூடாது என்றார். ஏன் விடச் சொல்கிறேன் என்று என் அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. யோகா வகுப்பில் கேள்விப்பட்டிருக்கிறாராம். “ஓ, காஸ்டெ! உங்களுடையது மேலேயா, கீழேயா?” தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார், பாவம். எனக்கோ மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்று வந்தது. நான் மேலே என்று சொல்லவா, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் புருஷன் கீழே என்று சொல்லவா? தெரியாது என்றேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டு அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

நல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி விருத்தாசலத்துக்கு செராமிக் டிப்ளமோ படிக்கப் போனவள் நான். அன்பு என் வகுப்பு. படிப்பு முடிந்ததும் இரண்டு பேருக்கும் தொழிற்பேட்டையில் ஒரே பொம்மைக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவர் சூளை பார்த்தார், நான் பெயின்ட் பிரிவில் இருந்தேன். நாங்கள் விரும்புகிற விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் என் அண்ணன்கள் இரண்டு பேரும் பைக்கில் வந்து இறங்கினார்கள். சூளையிலிருந்து எடுத்து ஆற வைத்திருந்த பொம்மைகளை உருட்டுக்கட்டையால் வரிசையாக அடித்து நொறுக்கினார்கள். அன்பு சுவரோரம் நின்றார். கூட வேலை செய்த அத்தனை பேரும் வேடிக்கைதான் பார்த்தார்கள். “அடுத்த வாட்டி ஒடையறது பொம்மையா இருக்காதுடா” என்று பெரியண்ணன் சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரமே ஓடினோம். முதலில் குஜராத்தில் மோர்பி, அங்கே டைல்ஸ் கம்பெனி. சந்தையில் தமிழ்க் குரல் கேட்டால்கூட ஒதுங்கிப் போவோம். அப்புறம்தான் இங்கே, பீங்கான் தட்டு செய்யும் இந்தக் குளிர் ஊருக்கு வந்தோம்.

விசாரித்ததில் கிடைத்த மொழிபெயர்ப்பாளர் நம் கடலூர்ப் பக்கத்துக்காரர். இங்கே வந்து ரொம்ப காலம் ஆனவர். வீடியோவில் பேசினோம். முதலில் என் டி.சி.யைத் திறந்தார்.

“அட, நம்மாளுங்களா நீங்க! மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா? நல்லூருல எந்தத் தெரு? யாரு வூட்டுப் பொண்ணு?”

அன்புவுடையதையும் பாருங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அன்புவின் டி.சி.யைத் திறந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அன்பு என் பக்கத்திலேயேதான் இருந்தார், திரையில் அவர் முகமும் தெரிந்தது. அந்த ஆள் என்னை மட்டும் பார்த்துக் கேட்டார்.

“வூட்டுக்குத் தெரியுமாம்மா? அண்ணன் தம்பிங்க யாராச்சும் இருக்காங்களா?”

“இருக்காங்க. அதனாலதான் நாங்க இங்க இருக்கோம். நீங்க ஒண்ணும் எழுதித் தர வேணாம், அனுப்புனதெல்லாம் அழிச்சிடுங்க” என்று லேப்டாப்பை அறைந்து மூடினேன். த்தூ! விமானம் ஏறி வந்து, பனியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, கோர்ட்டில் சத்தியமும் செய்துவிட்டு, அந்த மனுஷன் கடைசியில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அந்த வரியின் மேல் வெள்ளை மை பூசி ஜெராக்ஸ் எடுக்கப் போகிறேன் என்று குதித்தேன். கண்டுபிடித்தால் போலி ஆவணம் என்று விண்ணப்பத்தையே தூக்கிக் கடாசிவிடுவார்கள், தெரியும். அன்பு விடவில்லை.

“மறைக்கிறதுக்கு நாம என்னத்தத் திருடிட்டோம்? அடிக்க வந்தவங்கல்ல மறைக்கணும்? ரெண்டு பேருதையும் முழுசாவே எழுதட்டும் விடு.”

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. சொன்னது சரியாக இருந்ததால் கூடுதலாகவே வந்தது.

பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்த ஒரு ஜெர்மன்காரப் பெண்ணைத் தேடிப் பிடித்தோம். அவர் இரண்டு சாதிப் பெயர்களையும் எழுத்துக்கூட்டிப் படித்து, அப்படியே ரோமன் எழுத்தில் எழுதி, அடியில் ‘சாதியின் பெயர்’ என்று குறிப்புப் போட்டு, முத்திரை குத்தினார். அலுவலகம் ஏற்றுக்கொண்டது. குடியுரிமையும் கிடைத்தது. நம் நாட்டுச் சட்டப்படி இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ள முடியாது, அதனால் இந்தியப் பாஸ்போர்ட்டை இந்தியத் தூதரகத்தில் கொண்டுபோய் ஒப்படைத்தோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதன் மூலையைக் கத்திரித்து, ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பித் தந்தார். வாங்கும்போது அழுதுவிட்டேன், பொய் சொல்லவில்லை.

பையில் அந்த டி.சி.யும் இருந்தது. அது மட்டும் ரத்தாகவில்லை, இன்றைக்கும் செல்லும். அதன் மூலையையும் கத்திரித்து ரத்து என்று குத்தித் தர ஊரில் யாராவது அதிகாரி இருந்தால் சொல்லுங்கள். விசா வாங்கிக்கொண்டு விருத்தாசலத்துக்கே வருகிறேன்.