மண் சிந்திய கை

அன்று தறிக்கூடத்தில் நான் இருந்தேன். நூல் சுற்றும் என் மனைவி செல்வி இருந்தாள். பக்கத்துத் தறி ஓட்டும் முருகையா அண்ணாச்சி இருந்தார். என் தறியின் பாவு நூலில் ஓர் இழை அறுந்தது. முடிச்சுப் போட எனக்கு விரல் வரவில்லை. வீங்கி விறைத்திருந்தது.

“ஏலே, தாலி முடிச்சா போடுத? இம்புட்டு நேரம்?” என்றார் அண்ணாச்சி. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். இழையைச் செல்விதான் முடிந்தாள்.

எனக்குச் சொரியாசிஸ் என்னும் தோல் நோய் பல வருடமாக உண்டு. முழங்கையிலும் தலையிலும் செதில் உதிரும். எங்கள் ஊர் வழக்கப்படி கோயில் புற்றுமண்ணைப் பூசுவேன். விரல் வீக்கம் தறியால் வந்தது என்று நினைத்தேன். தோல் டாக்டரிடம் விரலைச் சொல்லவில்லை. விரலுக்குக் கட்டுப் போட்ட வைத்தியரிடம் தோலைக் காட்டவில்லை. வீக்கத்தின் மேலும் மண்ணையே அப்பினேன். சட்டைப் பொத்தானைக்கூட செல்விதான் போட்டுவிடுவாள். தறியை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

ஆடித் தவசுத் திருவிழா முடிந்த வாரம் எங்கள் ஊர்க் கோமதி அம்மன் சந்நிதியில் நின்றேன். “தாயே, செதில் இருந்துட்டுப் போட்டும். விரலை மட்டும் குடு” என்றேன். வேறு கேட்கத் தெரியவில்லை.

புற்றுமண் வாங்கக் கை நீட்டினேன். விரல் மடங்கவில்லை. மண் சிந்திவிட்டது. பின்னால் நின்றவர் என் கையைப் பிடித்தார். என் வயதுதான் இருக்கும். முன்பின் தெரியாதவர்.

“நகத்துல குழி குழியா இருக்கே. ஒடம்புல செதில் உண்டுமா?”

“உண்டு.”

“எனக்கும் இதேதான் வே. தறி மேல பழியப் போடாதீரும். தோல் நோவுதான் மூட்டுக்கும் வந்திருக்கு. மூட்டு டாக்டர்ட்ட ரெண்டையும் சேத்துக் காட்டும்.”

நானும் செல்வியும் திருநெல்வேலியில் ஒரு மூட்டு டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா தோல், விரல், கண் எல்லாம் பார்த்தார். இந்த நோய் இருந்தால் சர்க்கரை, பிரஷரும் பார்க்க வேண்டும் என்றார். “மனசு எப்படி இருக்கு?” என்றும் கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. செல்வி அழுதுவிட்டாள்.

“பிந்தி வந்திருக்கீங்க. சில விரல் பழையபடி வராது. மத்ததைக் காப்பாத்தலாம்” என்றார்.

மாத்திரை சாப்பிடுகிறேன். சொன்னபடி ரத்தம் சோதிக்கிறேன். செதில் இன்னும் உதிர்கிறது. மண்ணை இப்போது நெற்றியில் மட்டும் இடுகிறேன். அந்த மனிதரை மறுபடி பார்க்கவில்லை. அம்மன்தான் அவரை என் பின்னால் நிறுத்தினாள். தறிக்குத் திரும்பிவிட்டேன். முடிச்சு மெதுவாக விழுகிறது. ஆனால் விழுகிறது.

உங்களுக்கும் இப்படி இருந்தால் அம்மனிடம் கையை நீட்டுங்கள். டாக்டரிடமும் மறைக்காமல் நீட்டுங்கள். அவள் கைவிடமாட்டாள்.

என் பத்து விரலில் இன்று மடங்குவது ஏழு.