கட்டைவிரலில் ஒரு கட்டு

என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. பிரேமில் லென்ஸைப் பொருத்துவார். எறும்புத் தலை அளவு ஸ்க்ரூவைக் கை நடுங்காமல் உட்கார வைப்பார். அந்தத் திமிரில்தான், "இந்தக் கைக்குக் கிடார் என்ன பெரிய விஷயம்?" என்று ஒன்றை வாங்கி வந்தார். ஆரம்ப சூரத்தனத்துக்குப் பரிசு கொடுத்தால் எங்கள் வீட்டு அலமாரி நிரம்பிவிடும். நீச்சல், தட்டச்சு, சதுரங்கம் எல்லாம் தொட்டார், விட்டார்.

கற்றுக்கொள்ள நினைத்தது ஒரே ஒரு பாட்டு. வார்த்தையே கிடையாது, கம்பிகளை விரல் விரலாக மீட்டி வாசிப்பது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் அதுதான் ஓடுகிறது. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்க வேண்டும், மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை எடுக்க வேண்டும். இவருடைய கட்டைவிரலோ, பக்கத்து விரல் வேலையில் இறங்கினால் நின்று வேடிக்கை பார்க்கும். மீட்டுவதற்கென்று வலது கையில் நகம் வளர்த்தார். வாடிக்கையாளர் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டும்போது காதோரம் கீறிவிட்டது. முதலாளி நகவெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஆனால் இந்தத் தடவை அவர் விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போயின. பாதிப் பாட்டு வரைக்கும் வந்துவிடுவார். அதற்கப்புறம் கட்டைவிரல் நின்றுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லிக்கொடுக்கிறவர் பாட்டை முழுசாக வாசித்துக் காட்டுகிறார். அந்த நேரம் பார்த்து இவருடைய அக்கா போன் செய்தார்.

"யாருடா வாசிக்கிறது? நீயா?"

"ம்," என்றார் இவர்.

'ம்' என்றால் ஆமாம் என்றும் ஆகும், கேட்கிறேன் சொல்லு என்றும் ஆகும். அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். ஆனால் அதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"ஒண்ணையாவது முடிச்சிட்டியேடா. அம்மா இருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்க."

அதற்குமேல் எந்த வாயால் இல்லை என்பது? போனை வைத்துவிட்டு மனிதர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். "இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடுங்க," என்றேன். "அடுத்த வாரம் சொல்றேன்," என்றார். அடுத்த வாரத்துக்குள் என் நாத்தனார் தன் சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார்.

அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தம்பியை வளர்த்தது அவர்தான். வாயில் பொய் வராது. ஊசி வலிக்குமா என்று கேட்கிற குழந்தையிடம்கூட, "வலிக்கும், கொஞ்ச நேரம்தான்," என்று சொல்லித்தான் போடுவார்.

அப்படிப்பட்டவர், மகளுடைய மாமனார் மாமியாரையும் கூட்டிக்கொண்டு பாட்டுக் கேட்க வருவதாகச் சொன்னார். அவர்கள் வரவேண்டிய அன்று காலை இவர் வலது கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"லென்ஸ் வெட்டிடுச்சுன்னு சொல்லிக்கிறேன்."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். யார்கிட்ட போய்க் கட்டைக் காட்டுறீங்க?" என்றேன். கேட்டால்தானே.

வந்ததும் சம்பந்தி சிரித்துக்கொண்டே, "கச்சேரி எப்ப ஆரம்பம்?" என்றார். இவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அக்கா முகம் வாடிவிட்டது. கச்சேரிக்காக இல்லை, காயத்துக்காக.

"என்னடா இப்படிக் கட்டியிருக்க? ரத்தமே ஓடாது. வா இங்க."

"வேண்டாம்க்கா."

"சும்மா இரு."

சமையலறைக்கு இழுத்துப் போனார். நான் மருந்துப் பெட்டியோடு பின்னால் நின்றேன். சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். கடைசிச் சுற்றும் வந்தது. கட்டைவிரல் முழுசாக இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. இறுக்கிக் கட்டியதில் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், காது மடல் சிவந்து. தலை நரைத்த மனிதரை அப்படி நான் பார்த்ததில்லை. எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. சட்டென்று மறந்துவிடக்கூடிய வெட்கம் இல்லை அது.

"காயம் பெரிசா?" கூடத்திலிருந்து சம்பந்தி கேட்டார்.

அக்கா தம்பியின் இடது கையைப் பிடித்து, காய்த்த விரல் நுனிகளை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பெட்டியிலிருந்து புதுத் துணி எடுத்தார், மருந்து தடவினார், நிஜக் காயத்துக்குக் கட்டுவது போலவே பதமாகச் சுற்றினார்.

"ஆழமாத்தான் வெட்டியிருக்கு," என்றார் கூடத்தைப் பார்த்து. "ஒரு மாசமாவது ஆகும்."

திட்டியிருந்தால் இவர் தாங்கியிருப்பார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அழுதுவிட்டார். அக்கா அவர் முகத்தைப் பார்க்காமலே முடிச்சுப் போட்டுவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். கிளம்புகிற வரைக்கும் கிடார் பேச்சையே எடுக்கவில்லை.

அவர்கள் போனதும், "அதான் போயிட்டாங்களே, கட்டை எடுங்க," என்றேன்.

"எங்க அக்காவைப் பொய் சொல்ல வெச்சுட்டேன்டி," என்றார்.

மறுநாள் வேலைக்கும் அந்தக் கட்டோடுதான் போனார்.